சிட்டிபாபு வெளியே நின்ற ஆட்டங்கள்

என் அண்ணன் சிட்டிபாபுவைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரிப்பார்கள். "யாரு, மேட்ச் அன்னிக்கி வாராவதிமேல நின்னுகினு இருப்பாரே, அவரா?" என்பார்கள். சிரிக்கட்டும், சிரிக்கிற வாய்க்கு வரியா போடமுடியும்? ஆனால் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயரே சாமுண்டீஸ்வரி.

எங்கள் அப்பா சுப்பராயலுவுக்கு, நாங்கள் கூப்பிடுவது நயினா, தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அதை பிளாட் போட்டு விற்றுவிட்டார். நெல் விளைந்த இடத்தில் காலனி முளைத்தது. பேங்க்காரர், டீச்சர், ஏஜீஸ் ஆபீஸ் என்று ஒவ்வொருத்தராகக் குடிவந்தார்கள். அவர்கள் காலனிக்காரர்கள், நாங்கள் ஊர்க்காரர்கள். கோயில் திருவிழாவில்கூட இரண்டு பக்கமும் ஒட்டாது. ஒட்டவைத்தது கிரிக்கெட் ஒன்றுதான்.

கோடையில் ஏரி வற்றிப்போய்ப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நிலம் போனாலும் நயினா ஒரு ஜோடி மாட்டையும் பரம்புப் பலகையையும் விடாமல் வைத்திருந்தார். பையன்கள் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார்கள். நயினா பலகைமேல் ஏறி நின்று மாட்டை ஓட்டி, பிட்ச்சைச் சமமாக்கிக் கொடுப்பார். நாற்றங்காலுக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பரம்படித்திருக்க மாட்டார். அப்புறம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரைமேல் உட்கார்ந்துவிடுவார். ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பாபு ஓடிவந்து பந்து போட்டு எதிரே இருக்கிற குச்சி பறந்தால் நல்லது.

"குச்சி பறந்துச்சா?" என்பார் பக்கத்தில் இருப்பவரிடம். கண் கொஞ்சம் மங்கல் அவருக்கு.

குச்சி பறக்கும். என் அண்ணன் வெறுங்காலோடு ஓடிவந்து கார்க் பாலை எதிராளியின் கால் கட்டைவிரலுக்குக் கீழே சொருகுவான். காலனிப் பையன்கள் அதற்கு யார்க்கர் என்று பெயர் சொன்ன பிறகுதான் தான் போடுவது யார்க்கர் என்றே அவனுக்குத் தெரிந்தது. டீமுக்குக் கேப்டன் கிட்டு. பேங்க் ராகவன் சாரின் பிள்ளை. பேட், பேடு, ஸ்டம்பு எல்லாம் அவனுடையது. அண்ணனும் அவனும் அவ்வளவு சிநேகிதம். எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசனையைக்கூடக் கிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்துக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவில் முதலில் டிவி வாங்கியது ராகவன் சார் வீடு. மேட்ச் என்றால் அவர்கள் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. 1986 ஏப்ரல். ஷார்ஜாவில் பாகிஸ்தானோடு ஃபைனல். அண்ணன் வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே குந்தி, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெண்பிள்ளைகளோடு ஜன்னல் பக்கம். கடைசிப் பந்து. அவர்களுக்கு நாலு ரன் வேண்டும். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கூடத்துக்குள் ரெண்டு எட்டு வைத்து, "யார்க்கர் போடு தலைவா, யார்க்கர்!" என்று கத்திவிட்டான்.

டிவிக்குள் இருந்தவனும் யார்க்கர்தான் போடப் பார்த்தான். நழுவி ஃபுல் டாஸாகப் போனது. சிக்ஸர்.

ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார்ரா எடத்தை விட்டு எழுந்தது?" என்றார்.

அத்தனை தலையும் என் அண்ணன் பக்கம் திரும்பியது. அவன் உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டான்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதானே? அதற்காகக் காக்காயைப் பிடித்துக் கட்டிவைத்த ஊர் எங்கள் ஊர்தான். ஆனால் பனம்பழமும் அந்த ஒன்றோடு நின்றதா? அதே வருஷம் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். கடைசி நாளன்று அண்ணன் மின்சார ரயில் ஏறிப் போனான். ஒரே ஒரு ரன் எடுத்திருந்தால் ஜெயம், எடுக்கவில்லை, டை. அடுத்த வருஷம் உலகக் கோப்பைக்கு அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா. அதற்கும் போனான். ஒரு ரன்னில் தோற்றோம். திரும்பி வந்தவனைத் தெருமுனையிலேயே கிட்டு மடக்கினான்.

"நீ போயிருந்தியாடா?"

"போனேன் மச்சான்."

"ஒரு ரன்டா, பாவி! ஒரே ஒரு ரன்!"

அண்ணன் வந்து தொட்டியில் கால் கழுவினான். "சாமு, என் கண்ணு பட்டா வெளங்காது போலகீது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். அடுத்த பொங்கல் சமயம் வெஸ்ட் இண்டீஸ் வந்தது. அண்ணன் சேப்பாக்கம் பக்கமே போகவில்லை. வீட்டில் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தான். யாரோ புதுப் பையன் ஸ்பின் போட்டுப் பதினாறு விக்கெட் எடுத்தான். ஜெயித்தோம். கிட்டு ஓடிவந்து என் அண்ணனைத் தூக்கிச் சுற்றினான். "நீ போகலைடா, அதான்! நீ போகலை, அதான்!" என்றான். அத்தனை பாசமாக ஒருத்தன் கட்டிப்பிடித்துச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? திட்டியிருந்தால்கூடத் திருப்பிக் கேட்டிருப்பான். கட்டிப்பிடித்தது என் அண்ணனைக் கவிழ்த்துவிட்டது.

அதற்கப்புறம் மேட்ச் என்றால் ராகவன் சார் வாசலிலேயே சொல்லிவிடுவார். "தப்பா எடுத்துக்காதேப்பா பாபு. சித்த வெளியில நின்னுக்கோயேன்." எங்கள் நயினா உழுத மண்ணின்மேல் கட்டின வீடு அது. அந்த வீட்டுக்கு வெளியே, கால்வாயைத் தாண்டப் போட்ட சின்ன வாராவதியில் என் அண்ணன் போய் உட்கார்ந்துகொள்வான். கூடத்துச் சத்தத்தை வைத்தே ஃபோரா, சிக்ஸரா, அவுட்டா என்று சொல்லிவிடுவான். அவன் வெளியே நின்றும் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. அப்போது மட்டும், "ஜன்னல்ல எட்டிப் பாத்தியாடா?" என்று கேட்பார்கள். பாவம், எட்டித்தான் பார்த்திருப்பான். அவ்வளவு ஆசையாக இருக்கிறவன் எட்டிப் பார்க்காமல் இருப்பானா? "ஒருக்காதான் பாத்தேன்" என்று ஒப்புக்கொள்வான். மக்கு அண்ணன்.

அந்தக் கோடையில் குரோம்பேட்டை டீமோடு ஒரு டோர்னமென்ட் ஃபைனல். கடைசி ஓவர், எதிராளிகளுக்கு ஒன்பது ரன் வேண்டும். கிட்டு பந்தை என் அண்ணனிடம் தூக்கிப் போட்டான். அதைக் கிட்டுவின் கணக்கில் நல்லதாகத்தான் எழுதவேண்டும். ஆனால் அண்ணன் பந்தைக் கால்சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நான் வாணாம் கிட்டு. ஜெயிக்கணும்னு ரொம்ப ஆசையாகீது. நான் போட்டா வெளங்காது."

வேறு யாரோ போட்டான், தோற்றார்கள். நயினா மைதானத்து ஓரத்தில் தலைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில் அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாடா பந்தத் திருப்பிக் குட்த்துட்ட? குச்சி பறக்கலன்னா பறக்கல, போ. போட்டுத் தோத்திருக்கலாமேடா."

அப்புறம் அண்ணன் பந்தைத் தொடுவதும் குறைந்துபோனது. வேளச்சேரி ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி சப்ளை ஆரம்பித்தான். நல்ல வியாபாரம். லோகநாயகியைக் கட்டிவைத்தோம். என்னைக் குரோம்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள்.

ராசி என்கிற அந்தச் சனியன் கிரிக்கெட்டோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். லோகுவைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, "நான் உள்ள வரல" என்று ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றான். பெண் குழந்தை, சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம். அவனுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. "பாத்தியா சாமு?" என்றான். சந்தோஷத்தில் அழுதுகொண்டே சொன்னான். நான் என்ன சொல்ல? பிள்ளை பிறந்த நேரத்தில் சண்டையா போடுவது என்று விட்டுவிட்டோம்.

94ல் நயினாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சேர்த்த அன்று அண்ணன்தான் கட்டில்மேல் படுக்கவைத்தான். அவன் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு இன்னும் இழுத்தது. டாக்டர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். போனோம். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. ஊசி வேலை செய்தது ஐயா, ஊசி! ஆனால் என் அண்ணன் படியிறங்கிப் போனவன் திரும்ப மேலே வரவேயில்லை. மருந்து வாங்கிவருவான், இளநீர் வாங்கிவருவான், எல்லாவற்றையும் கீழேயே என் கையில் கொடுத்துவிடுவான். எதிரே டீக்கடைப் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாடி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பக்கூட மாட்டான்.

நயினா தலையணையை வாசற்பக்கமாக மாற்றி வைக்கச் சொன்னார். வருகிறவர்கள் தெரியவேண்டுமாம்.

"பாபு எங்க? ஏரியில கீறானா?" என்றார்.

"கீழதான் கீது நயினா. தோ வந்துடும்."

"பந்து போட்றானா?"

நான் தடதடவென்று இறங்கி வந்தேன். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள், எனக்கென்ன? "ஏண்ணா, நீ மனுசனா? பெத்தவரு உன்னியே கேட்டுகினு கீறாரு. ஏறி வந்து மூஞ்சியக் காட்டு!" என்று கத்தினேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமு, நான் பாக்காத வரைக்கும் நயினா நிப்பாரு. நான் ஆசப்பட்டுப் பாத்தா போயிடும்மா. எதுனா போயிடும். எனுக்குத் தெரியும். நயினா வூட்டுக்கு வரட்டும், அப்பால பக்கத்துலயே படுத்துக்கறேன்."

மறுநாள் விடிந்தபோது நயினா போய்விட்டார். கண் வாசற்பக்கமே இருந்தது. நான்தான் மூடினேன். கரைமேல் வெயிலில் உட்கார்ந்து, மங்கல் கண்ணோடு, இந்தப் பிள்ளை போட்ட ஒவ்வொரு பந்தையும் பார்த்த மனுஷன். அவருக்குக் கடைசியில் பார்க்கக் கிடைத்தது ஒரு வெறும் கதவு. எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவில்லை. "நேத்து ராத்திரி ஜன்னல் பக்கம் ஒருக்கா திரும்பிட்டேன் சாமு" என்று மட்டும் என் காதில் சொன்னான். அவனை அறைந்திருக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவன் ஒரு பெரிய கலர் டிவி வாங்கினான், பாருங்கள் கூத்தை. ராகவன் சார் காலமாகி, அவர் வீட்டுக் கூட்டமெல்லாம் எங்கள் வீட்டுக்கு மாறியது. வாங்கினவன் எதிரே அதே வாராவதியில், வந்தவர்கள் கூடத்தில். லோகு எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுப்பாள். பாப்பா அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்தாள். அவள்தான் அப்பாவுக்கு ரேடியோ. கேட்டுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இருப்பாள். "அப்பா, ஃபோர்!" "அப்பா, சிங்கிள்!" அண்ணன் அங்கிருந்து கையை ஆட்டுவான். அந்தப் பிள்ளையின் குரல்தான் அவன் பார்த்த கிரிக்கெட்.

99 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். நானும் குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்தேன். காலையிலேயே வரிசையாக விக்கெட் போனது. சச்சின் மட்டும் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்துச் சுளித்து அடித்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கு மேல் கூடம் பொங்கியது. இன்னும் இருபது ரன்னோ என்னவோதான். கிட்டு எழுந்தான். அவனுக்கும் அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வாசலுக்குப் போய்க் கூப்பிட்டான்.

"டேய் பாபு! போதும்டா, உள்ள வா. இது ஜெயிச்ச மேட்ச். சின்ன வயசுல நாங்க ஏதோ அசட்டுத்தனமாப் பேசினதுடா அதெல்லாம். வா, வந்து கண்ணால பாரு."

அண்ணன் அசையவில்லை. கிட்டு போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தான். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குக் கிட்டு மனதாரத்தான் கூப்பிட்டான். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டு நிலைப்படியில் நின்றான். அப்புறம் ஒரு கால் உள்ளே வைத்தான். அப்புறம் இன்னொரு கால். டிவியை அவன் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டுமே! தேர் பார்க்கிற பிள்ளை மாதிரி வாய் திறந்திருந்தது. "இன்னா அழகாக் கீறான் சாமு" என்றான்.

சச்சின் பந்தைத் தூக்கி அடித்தான். மேலே போனது. மேலேயே இருந்தது. கேட்ச்.

கிட்டு ஒன்றும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. எல்லாரும் டிவியையே பார்த்தார்கள், என் அண்ணன் பக்கம் திரும்பிவிடக் கூடாதென்று கழுத்தை இறுக்கிக்கொண்டு பார்த்தார்கள். பாப்பாவுக்கு அந்த மரியாதை தெரியாது. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"நீ ஏம்பா உள்ள வந்தே? வெளிய போப்பா."

லோகு அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அண்ணன், "கொயந்தய அடிக்காத" என்றான். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனான்.

இன்னும் பதினேழு ரன், மூன்று விக்கெட் கையில். நான் டிவியைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாராவதிமேல் வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கூடத்தில் ஒரு "ஐயோ" கேட்டது. அப்புறம் இன்னொரு "ஐயோ". அப்புறம் சத்தமே இல்லை. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். சேப்பாக்கத்தில் ஜனம் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியதை டிவியில் காட்டினார்கள். தோற்கிற ஆட்டத்தைக்கூட எழுந்து நின்று பார்க்கலாம் என்று அத்தனை ஆயிரம் பேருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் தெருவுக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷமாக எனக்குக் கிடைக்காத சாட்சி அன்றைக்குக் கிடைத்துவிட்டதே. நேரே வாராவதிக்குப் போனேன்.

"போச்சா?" என்றான்.

"போச்சு."

"என்னாலதான்."

"கெட்ட கோவம் வரும் எனுக்கு! ண்ணா, நல்லாக் கேளு. நீ உள்ள இருந்தா தோக்கணும், வெளிய போனா ஜெயிக்கணும், அதானே உன் ராசி? நீ வெளிய வந்தப்புறம் மூணு பேரு அவுட்டு. நாலே ரன்னுல மூணு பேரு! நீ திரும்பிக்கூடப் பாக்கல. காதப் பொத்திகினு இருந்த. நான் ஜன்னல்ல நின்னு உன்னியேதான் பாத்துகினு இருந்தேன். உன்னால இல்லண்ணா. என்னிக்குமே உன்னால இல்ல. நீ பாத்தாலும் தோத்திருக்கும், பாக்காட்டியும் தோத்திருக்கும். எல்லாம் சும்மா!"

அவன் யோசித்தான். மெதுவாகத்தான் யோசிப்பான் என் அண்ணன். முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். சிரிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அப்புறம் அந்த முகம் அப்படியே கலைந்துபோனது.

"அப்டினா..." என்றான். "அப்டினா, நயினாகிட்ட நான் இருந்திருக்கலாமா சாமு?"

நான் கால்வாயைப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"கேட்டுகினே இருந்தாருன்னு சொன்னியே. ரெண்டு மாடிதான். ஏறி வந்து பக்கத்துல குந்திருக்கலாமா? எப்டியும் போறதுதான்னா, பாத்துகினே இருந்திருக்கலாமா?"

அவன் அழுததை நான் எழுதப்போவதில்லை. நாற்பது வயசை நெருங்குகிற ஆம்பிளை, நடுத்தெருவில், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கிற மாதிரி அழுதான். மேட்ச் தோற்றதற்கு அழுகிறான் என்று போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்சம் அடங்கியபின் என் முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"இல்ல சாமு. என்னாலதான் தோத்துச்சு. அப்டியே சொல்லு. நீயும் சொல்லு."

பதிமூன்று வருஷமாக அந்தத் தெருவில் ஒவ்வொருத்தரோடும் மல்லுக்கு நின்றவள் நான். ராகவன் சாரை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கிட்டுவை விளக்குமாற்றால் அடிக்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு வாராவதியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஆமாண்ணா," என்றேன். "உன்னாலதான்."

அவன் சரி என்று தலையாட்டினான்.